61 காணொளிகள் பார்த்தும் ஒரு கணக்குப் போடத் தெரியவில்லை: திரைவழிப் படிப்பை முடிப்பது எப்படி

46 வயதில் எனக்குப் புள்ளியியல் படிக்க ஆசை வந்தது. கணக்குப் பிரிவில் வேலை. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் மேலாளர் கேட்பார், "போன மாசத்தைவிட விற்பனை குறைஞ்சிருக்கே, ஏன்?" நாங்களும் ஏதாவது ஒரு காரணத்தைத் தேடிப் பிடித்துச் சொல்வோம். அடுத்த மாதம் கூடியிருந்தால் அதற்கும் ஒரு காரணம் சொல்வோம். இந்த ஏற்ற இறக்கம் எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறதா, இல்லை எண்கள் தம் பாட்டுக்கு ஆடுகின்றனவா என்ற சந்தேகம் மட்டும் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

கல்லூரிக்குப் போய்ப் படிக்க நேரமில்லை. இணையத்தில்தான் எல்லாம் கிடைக்கிறதே என்று உட்கார்ந்தேன். முதல் படிப்பை மூன்றாம் வாரத்தில் விட்டேன், இரண்டாவதை ஐந்தாம் வாரத்தில். மூன்றாவதில் பிடிவாதமாக இருந்து 61 காணொளிகளையும் பார்த்து முடித்தேன். ஊரெல்லாம் சொல்லாத குறைதான். அண்ணன் மகன் வந்திருந்தபோது பெருமையாகச் சொன்னேன். அவன் ஒரு வெள்ளைத் தாளில் 4, 8, 6, 5, 7 என்று எழுதி நீட்டினான். "இதுக்குத் திட்ட விலக்கம் கண்டுபிடிங்க அத்தை."

எண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று அளப்பதுதான் திட்ட விலக்கம். சராசரி 6 என்று எழுதினேன். அதோடு பேனா நின்றுவிட்டது.

"நீங்க படிக்கல அத்தை, பார்த்திருக்கீங்க" என்றான். கோபம் வந்தது. அவன் சொன்னது சரியாக இருந்ததால் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

நான்காவது முறை 14 வாரங்களில் உருப்படியாக முடித்தேன். அந்த முறை எதையெல்லாம் மாற்றினேன் என்பதை எழுதுகிறேன். நீங்கள் படிக்க நினைப்பது புள்ளியியலாக இல்லாமல் மொழியாகவோ நிரலாக்கமாகவோ இருக்கலாம். வழி பெரும்பாலும் ஒத்துவரும்.

முதலில், வகுப்பறை நமக்கு என்ன செய்துகொண்டிருந்தது?

எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடங்களை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்போவதாக 2001இல் அறிவித்தது. 2011இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கற்பித்த செபாஸ்டியன் த்ரன்னும் பீட்டர் நார்விக்கும் செயற்கை நுண்ணறிவுப் பாடம் ஒன்றை இணையத்தில் நடத்தியபோது ஏறக்குறைய 1,60,000 பேர் சேர்ந்தார்கள். மறுவருடமே கோர்செரா, எட்எக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளங்கள் வந்தன. கல்லூரி வாசல் இனி யாருக்கும் மூடியிருக்காது என்று அப்போது பலரும் நம்பினார்கள்.

வாசல் திறந்தது உண்மைதான். ஆனால் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸில் நடத்திய படிப்புகளைப் பற்றி 2019இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம்தான். சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்கள், ஒரு பாடம் மட்டும் தேவைப்பட்டு வந்தவர்கள் எல்லாரும் இந்தக் கணக்கில் இருப்பார்கள், அதனால் 97 பேர் தோற்றார்கள் என்று சொல்ல மாட்டேன். என்றாலும் என் முதல் மூன்று முயற்சிகளும் அந்த 97இல்தான் சேர்த்தி.

ஏன் என்று யோசித்தால், பள்ளியில் எனக்குப் பாடம் மட்டும் கிடைக்கவில்லை. மணி அடித்தது. வாத்தியார் திடீரென்று என்னை எழுப்பிக் கேள்வி கேட்டார். பக்கத்தில் இருந்தவள் நான் தவறாகப் போட்ட இடத்தை எட்டிப் பார்த்துச் சொன்னாள். தேர்வுக்கு ஒரு தேதி இருந்தது. இணையம் இவற்றில் பாடத்தை மட்டும் எடுத்து நம் கையில் கொடுத்துவிட்டது, அதுவும் அள்ள அள்ளக் குறையாமல். மணியும் கேள்வியும் பக்கத்து இருக்கையும் தேர்வும் வரவில்லை. அந்த நான்கையும் நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. கீழே வருவதெல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

ஒரே ஒரு வேலையைக் குறித்துக்கொள்ளுங்கள்

"புள்ளியியல் கற்க வேண்டும்" என்று தொடங்கிய மூன்று முறையும் எங்கும் போய்ச் சேரவில்லை. நான்காம் முறை தாளின் தலையில் இப்படி எழுதினேன்: "36 மாத விற்பனைக் கணக்கை எடுத்து, எந்த மாதங்கள் உண்மையிலேயே வழக்கத்துக்கு மாறானவை என்று சொல்ல வேண்டும்." இது எனக்குப் பெரிய உதவி செய்தது. எந்தப் பாடம் தேவை, எதைத் தாண்டிப் போகலாம் என்பதை அந்த வரியே சொல்லிவிட்டது. நிகழ்தகவில் சீட்டுக்கட்டுக் கணக்குகள் வந்த ஒரு வாரத்தைப் பாதி தாண்டினேன். வகுப்பில் அப்படிச் செய்ய முடியாது. இங்கே முடியும், செய்யவும் வேண்டும்.

உங்கள் வரியில் ஒரு பொருள் இருக்க வேண்டும்: ஒரு கணக்கு, ஒரு கடிதம், ஒரு செயலி, ஒருவரோடு பத்து நிமிட உரையாடல். "நன்றாகத் தெரிந்துகொள்ள" என்று எழுதினால் அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது காணொளியைக் கடைசியில் பாருங்கள்

எல்லாரும் முதல் காணொளியைப் பார்த்து, ஆசிரியர் நன்றாகப் பேசுகிறாரா என்று முடிவு செய்கிறோம். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். இப்போது முதலில் பயிற்சிக் கணக்குகளைத் தேடுவேன். வாராவாரம் பயிற்சி இருக்கிறதா? விடை மட்டும் இருக்கிறதா, விடைக்குப் போகும் வழியும் இருக்கிறதா? பணம் கட்டாமல் சேர்ந்தால் பயிற்சிகளைப் பூட்டி வைத்திருக்கிறார்களா? சில தளங்களில் காணொளி இலவசம், மதிப்பீடு காசுக்கு. அப்படியானால் காணொளியை அங்கே பார்த்துவிட்டு, பயிற்சிக்கு வேறு இடம் பார்க்கலாம். எம்.ஐ.டி.யின் திறந்த பாடங்கள் பலவற்றில் கணக்குத் தாள்களும் பழைய தேர்வுகளும் விடையோடு கிடைக்கின்றன.

அப்புறம், ஒன்றை எடுத்தால் உலாவியில் திறந்து வைத்திருக்கும் மற்றவற்றை மூடிவிடுங்கள். ஒரு இடம் கடினமானவுடன் "இந்த ஆசிரியர் சரியில்லை" என்று வேறொன்றுக்குத் தாவத் தோன்றும். பாதி நேரம் ஆசிரியர் மேல் குற்றம் இருக்காது. பாடமே அந்த இடத்தில் கடினம். புரியாத அந்த ஒரு கருத்துக்கு மட்டும் இன்னொருவர் விளக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

மணி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். "நேரம் கிடைக்கும்போது" என்பதை எடுத்துவிட்டு, செவ்வாய், வியாழன், சனி காலை 6 மணி முதல் 6:45 வரை என்று வைத்தேன். கைப்பேசியை அடுத்த அறையில் வைத்தேன். முந்தின இரவே அன்றைய காணொளியைத் தரவிறக்கிவிடுவேன், ஏனென்றால் காலையில் இணையத்தைத் திறந்தால் அது வேறெங்கோ கூட்டிக்கொண்டு போய்விடும். 14 வாரங்களில் 5 நாள் தவறினேன். தவறிய நாளை ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாக உட்காருவதை ஒருமுறை செய்து பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன்.

காணொளியை எப்படிப் பார்ப்பது

இங்கேதான் நான் அதிகம் ஏமாந்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2018இல் வெளியான ஓர் ஆய்வில், அம்பெறியும் விளையாட்டின் காணொளியைச் சிலருக்கு 20 முறையும் சிலருக்கு ஒரே முறையும் காட்டினார்கள். 20 முறை பார்த்தவர்கள் தாங்கள் நன்றாக எறிவோம் என்று கூடுதலாக நம்பினார்கள். எறியச் சொன்னபோது இரு சாராரும் ஒரே மாதிரிதான் எறிந்தார்கள். பார்க்கப் பார்க்க வளர்வது நம்பிக்கை மட்டுமே. என் 61 காணொளிகளும் அதைத்தான் வளர்த்தன.

அதனால் இப்படி மாற்றினேன். ஆசிரியர் ஒரு கணக்கை எழுதி முடித்த உடனே நிறுத்துவேன். விடையை நானே போட்டுப் பார்ப்பேன், முடியாவிட்டால் ஒரு ஊகமாவது எழுதுவேன். பிறகுதான் ஓடவிடுவேன். ஊகம் தவறினால் நல்லது, அந்த இடம் மறக்காது. 10 நிமிடக் காணொளிக்கு இப்படி அரைமணி ஆகும். ஆகட்டும். எட்எக்ஸில் 69 லட்சம் பார்வைகளை அலசி 2014இல் வந்த ஆய்வு, காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்க்கும் நேரத்தின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) 6 நிமிடத்தைத் தாண்டவில்லை என்கிறது. எனவே நீண்ட உரை என்றால் ஆறேழு நிமிடத்துக்கு ஒரு வெட்டு போட்டுக்கொள்ளுங்கள். வேகத்தைக் கூட்டிப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினால் சரி.

பாடம் ஆங்கிலத்தில் இருந்தால் இன்னொரு சங்கடம் உண்டு. தானாக மொழிபெயர்த்து வரும் தமிழ் வசனங்களை நம்பி ஒரு வாரம் ஓட்டினேன். ஆங்கிலத்தில் "மீன்" (mean) என்ற சொல் இரண்டையும் குறிப்பதால், சராசரி என்று வர வேண்டிய இடத்திலெல்லாம் "அர்த்தம்" என்று வந்துகொண்டிருந்தது. "ஐந்து எண்களின் அர்த்தம் ஆறு" என்று படித்துவிட்டு ஏதோ தத்துவம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஆங்கில வசனத்தையே வைத்துக்கொண்டு, கலைச்சொற்களுக்குத் தனி நோட்டு போட்டேன்: இடப்பக்கம் அவர்கள் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல், கீழே என் சொந்த வாக்கியத்தில் ஒரு விளக்கம். அந்த வாக்கியம் தமிழில் வராவிட்டால் எனக்குப் புரியவில்லை என்று பொருள். ஆங்கிலத்தில் கேட்டதை ஆங்கிலத்திலேயே திருப்பிச் சொல்லும்போது கிளிப்பிள்ளையாகத் தப்பித்துவிடலாம். தமிழில் சொல்லும்போது தப்பிக்க முடியவில்லை.

கேள்வி கேட்கும் வாத்தியார்

மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதுவது. இதைவிட மலிவான, இதைவிட எரிச்சலான உத்தி கிடையாது. ஒவ்வொரு அமர்வின் கடைசி 8 நிமிடத்தையும் இதற்கு ஒதுக்கினேன். திரையை அணைத்து, வெள்ளைத் தாளில் இன்று கற்றதை எழுத வேண்டும். முதல் வாரம் மூன்று வரிகூட வரவில்லை.

உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஒரு பகுதியை இரண்டு முறை படித்தவர்களையும், ஒருமுறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டால் இரண்டுமுறை படித்தவர்களே முந்தினார்கள், 81க்கு 75 சதவீதம். ஒரு வாரம் கழித்து அது தலைகீழானது: எழுதிப் பார்த்தவர்கள் 56, திரும்பப் படித்தவர்கள் 42. அன்றைக்கே நன்றாக இருப்பதாகத் தோன்றும் வழியை நாம் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் அந்த முதல் 5 நிமிடம்தான்.

மறதிக்கு அட்டைகள்: ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. கற்றது எப்படித் தேய்கிறது என்று உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் 1885இலேயே அளந்து காட்டிவிட்டார். ஜெர்மானியப் பத்திரிகையாளர் செபாஸ்டியன் லைட்னர் 1970களில் அதற்குப் பெட்டி முறை ஒன்று சொன்னார்: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்கு நகர்ந்து தாமதமாக வரும், தவறிய அட்டை முதல் பெட்டிக்கே திரும்பும். இன்று அங்கி போன்ற செயலிகள் அந்தக் கணக்கைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. 2006இல் வந்த அங்கி கணினியில் இலவசம்.

நான் செய்த தவறு: வேறு யாரோ தயாரித்த 1,200 அட்டைகளை ஒரே மூச்சில் இறக்கினேன். மூன்று வாரத்தில் 400 அட்டைகள் நிலுவை. திறக்கவே பயமாக இருந்தது. அழித்துவிட்டு, நானே நாளுக்கு ஐந்தாறு எழுதினேன். அட்டைக்கு ஒரு கேள்வி, ஒரு வரி விடை. "திட்ட விலக்கம் என்றால் என்ன?" என்று எழுதினால் விடை பத்தியாக நீளும். "எல்லா எண்களோடும் 10ஐக் கூட்டினால் திட்ட விலக்கம் மாறுமா?" என்று எழுதினால் "மாறாது, இடைவெளிகள் அப்படியே இருக்கின்றன" என்று முடிந்துவிடும். இரண்டாவது வகைதான் எனக்கு வேலை செய்தது.

திரையால் மட்டுமே முடிகிற ஒன்று

இதுவரை சொன்னதெல்லாம் வகுப்பறையில் இருந்ததை ஈடுகட்டுவது. இனி வகுப்பறையால் எனக்குக் கொடுக்க முடியாத ஒன்று.

அண்ணன் மகன் எழுதிய ஐந்து எண்களுக்கு வருவோம். சராசரியிலிருந்து ஒவ்வொன்றின் விலகலையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 10. அதை 5ஆல் வகுக்க வேண்டும் என்றுதான் புத்தி சொல்லும். ஆனால் பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த சிறு மாதிரியை வைத்து முழுக் கூட்டத்தைக் கணிக்கும்போது 4ஆல் வகுக்கச் சொல்கிறார்கள், எண்ணிக்கையில் ஒன்று குறைத்து. ஏன்? நான்கு பேரின் விளக்கத்தைக் கேட்டேன். "சுதந்திரக் கூறுகள்" என்றார்கள். தலையாட்டினேன். புரியவில்லை.

கடைசியில் எக்செல் போன்ற விரிதாளைத் திறந்து பகடை உருட்டினேன். நீங்களும் செய்து பாருங்கள், பத்து நிமிட வேலை. ஒரு வரிசையில் ஐந்து கட்டங்கள். ஒவ்வொன்றிலும் 1 முதல் 6 வரை ஏதோ ஒரு எண்ணைத் தரும் ராண்ட்பிட்வீன் (RANDBETWEEN) சூத்திரம். ஆறாவது கட்டத்தில் விலகல் வர்க்கங்களின் கூட்டுத்தொகையை 5ஆல் வகுக்கும் சூத்திரம், வார்.பி (VAR.P). ஏழாவதில் 4ஆல் வகுப்பது, வார்.எஸ் (VAR.S). அந்த வரிசையை அப்படியே 1,000 வரிசைகளுக்கு இழுத்துவிடுங்கள். பிறகு ஆறாவது, ஏழாவது பத்திகளின் சராசரியை எடுங்கள்.

பகடையின் உண்மையான பரவற்படி (விலகல் வர்க்கங்களின் சராசரி, அதன் வர்க்கமூலம்தான் திட்ட விலக்கம்) 2.92 என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். 4ஆல் வகுத்த பத்தியின் சராசரி அதை ஒட்டி நிற்கும். 5ஆல் வகுத்தது 2.33 பக்கத்திலேயே தங்கிவிடும். எத்தனை முறை புதுப்பித்தாலும் அப்படித்தான். 5,000 பகடைகளை ஒரு நொடியில் உருட்டி, அந்தக் குறையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் காரணம் உறைத்தது: அந்த ஐந்து எண்களிலிருந்தே சராசரியை எடுத்துக்கொண்டு, அதே ஐந்தும் அதிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்தால் விலகல் குறைவாகத்தானே தெரியும்? அந்தக் காலை நான் 6:45ஐத் தாண்டி உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் பாடத்திலும் இப்படி ஆட்டிப் பார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். இயற்பியல், வேதியியலுக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகங்கள் இருக்கின்றன. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது, இலவசம். வடிவியலுக்கு ஜியோஜீப்ரா. நிரலாக்கம் என்றால் கேட்கவே வேண்டாம், உலாவியிலேயே எழுதி ஓட்டிப் பார்க்கலாம்.

பக்கத்து இருக்கை

அலுவலகத்தில் வேறு பிரிவில் வேலை செய்யும் ஒருவர் அப்போது நிரலாக்கம் படித்துக்கொண்டிருந்தார். பாடம் வேறு என்றாலும் ஞாயிறு மாலை அரைமணி காணொளி அழைப்பு வைத்துக்கொண்டோம். அவர் 10 நிமிடம், நான் 10 நிமிடம், அந்த வாரம் கற்ற ஒன்றை விளக்க வேண்டும். என் பாடம் தெரியாதவர் என்பதால் அவர் கேட்ட அப்பாவிக் கேள்விகள்தான் என்னை அதிகம் திணறடித்தன.

இப்போது பலருக்கும் பக்கத்து இருக்கையில் சாட்ஜிபிடி போன்ற ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பயன்படுத்துங்கள், ஆனால் நான் வைத்திருக்கும் கட்டுப்பாடு இது: தாளில் நான் போட்டுப் பார்த்த பிறகே கேட்பேன். "விடை சொல்" என்று கேட்பதில்லை. "இது என் வழி, எந்த வரியில் தவறு என்று மட்டும் சொல், திருத்தாதே" என்று கேட்பேன். துருக்கியில் ஏறத்தாழ 1,000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் செய்த சோதனையின் முடிவு 2025இல் வெளியானது. கட்டுப்பாடில்லாமல் அதைப் பயன்படுத்தியவர்கள் பயிற்சிக் கணக்குகளில் 48 சதவீதம் மேலாகச் செய்தார்கள். அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, தொடவே தொடாதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த குழுவில் இந்தச் சேதம் பெரும்பாலும் இல்லை. தவறான விடையைக்கூட அது தயங்காமல் சொல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள். என் கணக்குகளில் இரண்டு முறை கூட்டலிலேயே சறுக்கியது. அதைப் பிடித்தபோது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

தேர்வு

சான்றிதழுக்காக நான் பணம் கட்டவில்லை. உங்களுக்கு வேலைக்கு அது தேவை என்றால் கட்டுங்கள், தயங்க வேண்டாம். எனக்குத் தேவைப்பட்டது ஒரு தேதியும் எதிரில் உட்கார்ந்து கேட்க ஒரு ஆளும். 14ஆம் வாரச் சனிக்கிழமைக்கு அண்ணன் மகனை வரச் சொன்னேன். இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டதால் பின்வாங்க முடியவில்லை.

36 மாத விற்பனையை வரைபடமாகப் போட்டு, சராசரிக்கு ஒரு கோடு, மேலும் கீழும் இரண்டு திட்ட விலக்கத் தூரத்தில் இரு கோடுகள் வரைந்து விளக்கினேன். 34 மாதங்கள் கோடுகளுக்குள் இருந்தன. இரண்டு வெளியே. "இந்த ரெண்டு மாசத்துக்குத்தான் காரணம் தேடணும்" என்று முடித்தேன்.

அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "அத்தை, எண்கள் மணி வடிவத்துல, அதாவது சராசரி பக்கத்துல நிறைய, தள்ளிப் போகப் போகக் கொறைவா பரவியிருந்தா, எந்தக் காரணமும் இல்லாமலே நூத்துக்கு அஞ்சு வெளிய விழும்தானே? 36க்கு எத்தனை வரும்?"

தாளில் போட்டேன். 1.8.

சிரித்துவிட்டான். நானும்தான். ஆனால் இந்த முறை பேனா நிற்கவில்லை. திங்கட்கிழமை அந்த வரைபடத்தையும் 1.8ஐயும் மேலாளரிடம் கொண்டுபோனேன். "அப்போ இந்த மாசம் ஏன் குறைஞ்சதுன்னு நான் கேக்கவே கூடாதா?" என்றார். கேட்கலாம், ஆனால் ஒரு மாதத்தை மட்டும் பார்க்காமல் போக்கைப் பார்த்துக் கேட்க வேண்டும், அதற்குக் காலத்தொடர் என்று ஒரு பாடம் இருக்கிறது, நான் இன்னும் படிக்கவில்லை என்றேன். எத்தனை வாரம் ஆகும் என்று கேட்டார். பயிற்சிக் கணக்குகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன்.